விழுங்கும் நாள்

வாரத்தில் ஆறு நாள் நான் துப்புகிறேன்.
தொழிற்சாலை மாடியில் வெள்ளைக் கோப்பைகள் வரிசை.
கரண்டியால் அள்ளி, காற்றோடு சேர்த்து உறிஞ்சி,
நாக்கின் ஓரங்களில் உருட்டிவிட்டு
தொட்டிக்குள் துப்பவேண்டும்.
அறுபது; கொழும்புக்கு அனுப்பும் கிழமை எண்பது.
விழுங்கினால் ராத்திரிக்கு உறக்கம் வராது.
விழுங்கச் சொல்லி யாரும் சம்பளம் தருவதுமில்லை.

ஏழாம் நாள்
ஒகியா ஸ்டேசனுக்கு மேலே, பைன் மரங்கள் முடிகிற இடத்தில்
இரண்டு கூடாரம், நான்கு பேர், ஒரு காஸ் அடுப்பு.
விடிய ஐந்தேகால்.
எங்கள் மூச்சே கூடாரத்தின் உட்சுவரில் நீராகி
நெற்றியில் சொட்டி என்னை எழுப்பியது.

கோப்பித்தூள் என் பொறுப்பு.
பண்டாரவளைச் சந்தையில் கொட்டை வாங்கி
சட்டியில் நானே வறுத்தது. மல்லி கலக்காதது.
(கலந்தால் அது தடிமனுக்குக் கசாயம்.)
மூடி இறுகிய போத்தல், அளவுக் கரண்டி,
நெருப்புப்பெட்டி இரண்டு, நனைந்தால் மாற்றுக்கு லைட்டர்,
எல்லாம் எடுத்துவந்தேன்.
வடியை மட்டும் மறந்துபோனேன்.

"பைக்கற்றுக் கோப்பி இருக்கு மச்சான், கிழிச்சுக் கொட்டு"
என்றான் பெனடிக்.
நான் கேட்காததுபோல் அடுப்பைப் பார்த்தேன்.
சிலதுக்குப் பதில் சொன்னால் நட்பு மிஞ்சாது.

முதல் சட்டி யோகராணி வைத்தது.
தண்ணீரும் தூளும் ஒன்றாய்ப் போட்டு,
கறுப்பாய்ப் பொங்கி, அடுப்பையே அணைத்துவிட்டது.
அடியில் மிஞ்சியதைக் குடித்த சுகுமாறன்
"வேப்பெண்ணெய் தேவல" என்று புல்லுக்கு ஊற்றினான்.

இரண்டாம் சட்டியைக் காற்றுக் குடித்தது.
பலாங்கொடைப் பக்கமிருந்து செங்குத்தாய் ஏறிவந்த காற்று,
ஒரே உதை.

போத்தலில் இனி நான்கு கரண்டி.

முதுகுப்பைகளை அடுக்கி மறைப்புக் கட்டினோம்.
இந்த உயரத்தில் தண்ணீர் நூறுவரை போவதில்லை,
தொண்ணூற்றுமூன்றிலேயே கொதித்துவிடும்.
பருப்புக்கு அது சாபம்;
நேற்றிரவுப் பருப்பு இன்னும் என் கடைவாயில் கல்லாய் இருக்கிறது.
கோப்பிக்கு அதுதான் கணக்கு.
எனக்கு முன்னமே மலை
தன் பாட்டில் நெருப்பைக் குறைத்து வைத்திருக்கிறது.

வடிக்குத்தான் வழியில்லை.
யோகராணி மருந்துப்பெட்டியைத் திறந்தாள்.
காயத்துக்குக் கட்டும் வெள்ளைத்துணி, இரண்டு மடிப்பு.
"அட்டை கடிச்சது என்னை" என்று காலை நீட்டினான் பெனடிக்.
கணுக்காலில் இருந்து ரத்தம் ஒழுகியது.
யாரும் பார்க்கவில்லை.

தூள் நனைய மட்டும் முதலில் கொஞ்சம்.
அது பெருமூச்சுவிட்டு எழும்பியது,
சேற்றுக்குள் தவளை கன்னம் உப்புவதுபோல்.
பொறு. அரை நிமிடம்.
மெல்ல, வட்டமாய், விளிம்பைத் தொடாமல்.
அந்த நேரம் பார்த்துப் புல்வெளியில் ஒரு மரை.
தலை தூக்கி எங்கள் வாசனையை ஒருதரம் இழுத்தது,
பிடித்ததா இல்லையா என்று சொல்லாமல் போய்விட்டது.
என்னைப்போல் அதுவும் ஒரு வேலைக்காரி.

ஒன்றரை டம்ளர். நான்கு வாய்.
கை மாறிக் கை மாறி என்னிடம் வரும்போது
அடியில் இரண்டு விரல் உயரம்.
பழக்கதோஷம்:
சத்தத்தோடு உறிஞ்சினேன், ஓரங்களில் உருட்டினேன்,
கழுத்துத் தானாய்த் திரும்பித்
தொட்டியைத் தேடியது.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.
"துப்பினா அடிப்பேன்" என்றாள் யோகராணி.

தொண்டை முதலில் நம்பவில்லை.
பிறகு வழிவிட்டது.
கோப்பைக்கும் கோப்பிக்கும் ஓரெழுத்துத்தான் தூரம்,
ஏழு வருசம் நான் அதைக் கடக்கவில்லை.

கீழே பனி கிழிந்த இடத்தில்
தேயிலை தெரிந்தது, திங்கட்கிழமையின் பச்சையில்.
பெனடிக் இன்னும் காலை நீட்டியபடி,
அந்தத் துணியையாவது பிழிந்து தா என்கிறான்.